தம்மில் இருக்கும் வேலை: இன்டர்வியூவுக்குப் பின் வரும் மௌனம் எப்படி இயங்குகிறது?

இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போது பெரும்பாலும் காதில் விழும் கடைசி வார்த்தை, "சொல்லி அனுப்புறோம்" என்பதுதான். பிறகு ஒரு வாரம் போகும், பத்து நாள் போகும். போன் அடிக்காது, மெயில் வராது. மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் நம் தோல் தொழில் வட்டாரத்தில், பட்டம் வாங்கி முதல் வேலை தேடும் பிள்ளைகள் எல்லோரும் இந்த மௌனத்தைச் சந்திக்கிறார்கள். சிலர் அதையே "வேண்டாம்" என்ற பதிலாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் பதறிப்போய் தினமும் போன் அடித்து, கைக்கு வரவிருந்ததைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டும் நடக்காது. அதனால் உள்ளே போய்ப் பார்ப்போம்.

உள்ளே போக நமக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: ஆம்பூர் பிரியாணி. முதலில் விறகடுப்பில் தேக்சாவை ஏற்றி, எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் போட்டு, வெங்காயம், இஞ்சி பூண்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், கறி எல்லாம் சேர்த்து வேகவைப்பார்கள். அதே நேரம் பக்கத்து அடுப்பில் சீரகச் சம்பா அரிசி தனியாக வெந்துகொண்டிருக்கும். முக்கால் பதத்தில் அதை வடித்து, கறி மசாலாவின்மேல் கொட்டுவார்கள். பிறகு மூடி போட்டு, அடியில் தீயைக் குறைத்து, மூடியின்மேல் தணலை அள்ளி வைப்பார்கள். அதுதான் தம். கடைசியில் தம் உடைத்துப் பரிமாறுவார்கள். ஒரு வேலை நமக்கு வந்து சேர்வதும் இதே வரிசையில்தான்.

முதல் கட்டம், மசாலா. இன்டர்வியூ என்பது அதுதான். சத்தம், வாசனை, தீ எல்லாம் நம் கண்முன்னே இருக்கும் ஒரே கட்டம். ஒரு ஷூ ஃபேக்டரியில் மெர்ச்சண்டைசர் உதவியாளர் வேலைக்கு மாதனூரிலிருந்து பி.காம். முடித்த ஒரு பெண் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று சாம்பிள், விலை, அனுப்பும் தேதி மூன்றையும் பார்த்துக்கொள்கிறவர்தான் மெர்ச்சண்டைசர். எச்.ஆர். ஒருவர் பேசுவார், துறைத் தலைவர் ஒருவர் பேசுவார், சில இடங்களில் ப்ரொடக்‌ஷன் மேனேஜரும் வந்து உட்காருவார். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தப் பெண் கேட்டைத் தாண்டுவதற்குள், அவருடைய பயோடேட்டாவின் ஓரத்தில் பேனாவால் ஒரு குறிப்பு விழுந்திருக்கும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அவ்வளவாக இருக்காது. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கச் சொல்லிக் கையில் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். கை ஓடும் விதத்தைப் பார்த்தே "நாளைக்கு வந்துடும்மா" என்றுவிடுவார்கள். மௌனம் அதிகம் விழுவது மேஜை வேலைகளில்: மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ், க்யூ.சி., சூப்பர்வைசர், எச்.ஆர். உதவியாளர். இவற்றில் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னால் போதாது. பல பேர் கை வைக்க வேண்டும்.

அதனால்தான் இரண்டாவது கட்டமாகப் பக்கத்து அடுப்பில் அரிசி வேகிறது. மசாலா எவ்வளவு நன்றாக வந்தாலும் அரிசி வராமல் பிரியாணி ஆகாது. கம்பெனியில் அந்த அரிசிக்குப் பெயர் அனுமதி. இந்தப் பதவிக்கு ஆள் வேண்டுமா, எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம், எந்த மாதத்திலிருந்து என்பதை இன்டர்வியூ எடுத்தவர் முடிவு செய்வதில்லை. அது மேலே, இயக்குநர் மட்டத்தில் முடிவாகிறது. அவர் அதை எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? ஆர்டரைப் பார்த்து.

நம் வட்டாரத்தில் இந்த விஷயம் ரொம்ப முக்கியம். ஏற்றுமதிக்காகத் தைக்கும் ஃபேக்டரிக்கு வருஷம் இரண்டு பருவமாகத்தான் ஓடும்: வசந்தம்-கோடைக்கான ஷூ, இலையுதிர்-குளிர்காலத்துக்கான ஷூ. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் சாம்பிள் போகும், திருத்தம் வரும், மறுபடி சாம்பிள் போகும், அப்புறம்தான் ஆர்டர் உறுதியாகும். இத்தாலியின் மிலான் நகரில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிக்காம் ஷூ கண்காட்சி நடக்கிறது. அதே மாதங்களில் லீனியாபெல்லே தோல் கண்காட்சியும் அங்கேதான். சென்னை நந்தம்பாக்கத்தில் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தையொட்டி இந்தியச் சர்வதேசத் தோல் கண்காட்சி நடக்கும். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த நாட்களில் பயணத்தில் இருக்கலாம். உங்கள் கோப்பு ஆம்பூரில் ஒரு மேஜையில் காத்திருக்கும். அதில் உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

ஆர்டரே நின்றுபோகும் காலமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவிலிருந்து போகும் பல பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. தோல் பொருள்களும் காலணிகளும் அதில் அடிபட்டன. அந்த மாதிரி ஒரு வாரத்தில் இன்டர்வியூ கொடுத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எச்.ஆருக்கு அவரைப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பதவியே இருக்குமா என்று எச்.ஆருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை மெயிலில் எழுத யாரும் விரும்புவதில்லை. அதனால் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். பாதி மௌனம் இப்படிப் பிறப்பதுதான்: பதில் இல்லாததால் பதில் வருவதில்லை.

பிறகு மூன்றாவது கட்டம், தம். கறியும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தாயிற்று, மூடி விழுந்தாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். உள்ளேதான் முக்கியமான வேலை நடக்கிறது. என்னென்ன? அந்தப் பதவிக்கு இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கலாம். சம்பளத் தொகையில் எச்.ஆருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் வேலையை விடுவதாகச் சொன்னவர், "இன்னும் ஒரு மாசம் இருக்கேன் சார்" என்று மனம் மாறியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறொன்று. முதலிடத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு வேலையைச் சொல்லியிருப்பார்கள். அவர் பழைய கம்பெனியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றிருப்பார், அல்லது இரண்டு நாள் யோசிக்கிறேன் என்றிருப்பார். நீங்கள் இரண்டாவது இடம். முதலாமவர் வந்து சேரும் வரை உங்களுக்கு "இல்லை" என்று சொல்லமாட்டார்கள், "ஆமாம்" என்றும் சொல்ல முடியாது. இப்படிக் காத்திருக்கும் இரண்டாவது ஆளுக்கும், தேர்வாகாமல் போன பத்தாவது ஆளுக்கும் வெளியிலிருந்து கேட்கும் மௌனம் ஒன்றுதான். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காக. முதலாமவர் கடைசி நேரத்தில் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டால், எச்.ஆர். யாரைக் கூப்பிடுவார்? கோப்பில் இரண்டாவதாக இருக்கிற, இன்னும் விருப்பத்தோடு இருப்பதாகத் தெரிகிற ஆளை. அப்படித் தெரியவைப்பதுதான் நாம் போடும் மரியாதையான ஒரு மெயிலின் வேலை. அதற்கு மேல் அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. அதற்குக் கீழேயும் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

தம் போட்ட மாஸ்டரைக் கவனித்துப் பாருங்கள். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தூக்கினால் ஆவி போய்விடும், அரிசி வேகாது. அதற்காகத் தேக்சாவை விட்டுவிட்டு வீட்டுக்கும் போய்விடுவதில்லை. பக்கத்திலேயே இருப்பார். மூடியின் ஓரத்தில் ஆவி எப்படி வருகிறது என்று பார்ப்பார். தேவையானபோது மூடியின்மேல் தணலை ஒரு தரம் தள்ளிவிடுவார். நாம் செய்ய வேண்டியதும் அதே அளவுதான். எப்போது, எப்படி என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இந்த வேலை இன்டர்வியூ அறையிலேயே தொடங்குகிறது. எழுந்திருக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "முடிவு எப்போ தெரியும் சார்? அதுக்குள்ள தெரியலைன்னா நான் யாரைக் கேட்கலாம்?" இதைக் கேட்க நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வி எந்த எச்.ஆரையும் புண்படுத்தாது. "அடுத்த வாரக் கடைசியில சொல்லிடுவோம், எனக்கே மெயில் போடும்மா" என்று ஒரு பதில் கிடைத்துவிட்டால், பிறகு நீங்கள் தொடர்புகொள்ளும்போது அது அவர் கொடுத்த அனுமதியின்பேரில் நடக்கிறது. மறக்காமல் பேசியவரின் பெயர், பதவி, மெயில் முகவரி மூன்றையும் வெளியே வந்ததும் எழுதி வையுங்கள்.

அடுத்து, அன்று சாயங்காலமோ மறுநாள் காலையிலோ ஒரு நன்றி மெயில். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் மேடம். இன்று மெர்ச்சண்டைசர் உதவியாளர் பணிக்கான நேர்காணலில் என்னோடு நேரம் செலவிட்டுப் பேசியதற்கு நன்றி. சாம்பிள் அனுப்பும் தேதிகளை எக்செல்லில் கண்காணிப்பது பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. கல்லூரி ப்ராஜெக்ட்டில் அதுபோன்ற ஒரு தாளை நான் தயாரித்திருக்கிறேன். வேறு சான்றிதழ் ஏதும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்."

நடுவில் உள்ள வாக்கியத்தைக் கவனியுங்கள். அறையில் நடந்த ஒரு பேச்சை அது நினைவுபடுத்துகிறது. ஒரே நாளில் பன்னிரண்டு பேரைப் பார்த்த ஒருவருக்கு முகங்கள் கலந்துபோகும். "எக்செல் தாள் பற்றிப் பேசிய பெண்" என்று ஒரு அடையாளம் கிடைத்தால் கலக்காது.

பிறகு காத்திருப்பு. அவர்கள் ஒரு தேதி சொல்லியிருந்தால், அந்தத் தேதி முடிந்து இரண்டு வேலைநாள் விடுங்கள். தேதி எதுவும் சொல்லவில்லையென்றால் இன்டர்வியூ நாளிலிருந்து ஏழெட்டு வேலைநாள். ஞாயிறு, பண்டிகை விடுமுறை இரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் இங்கே பல இடங்களில் வேலை நேரமே மாறிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கலாம்.

எந்த நாள், எந்த நேரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எச்.ஆர். மேஜையில் மாதம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். மாதக் கடைசி வந்தால் வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கட்டியாக வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் சார்பில் ஆடிட் வருகிறதென்றால் அந்த வாரம் முழுக்கக் கோப்புகளைச் சரிசெய்வதிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் ஆம்பூர் ஆபீஸ்களில் போனை எடுக்க ஆள் இருக்காது. திங்கள் காலையில் வேலைக்கு வராதவர்களின் பட்டியலோடு ஒரு கூட்டமே எச்.ஆரைச் சுற்றி நிற்கும். அப்படியானால் நல்ல நேரம் எது? 8ஆம் தேதிக்கும் 13ஆம் தேதிக்கும் நடுவில், அல்லது 17ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் நடுவில், ஒரு செவ்வாயோ புதனோ, காலை பதினொரு மணிவாக்கில். எல்லாருக்கும் இது அப்படியே அமையாது. ஆனாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முன்பின் தள்ளினால், மெயில் படிக்கப்படும் வாய்ப்பு கூடும்.

இப்போது முதல் நினைவூட்டல். இதைப் புதிய மெயிலாக அனுப்பாமல், நன்றி மெயிலுக்கே தொடர்ச்சியாகப் போடுங்கள். அப்போது பழைய பேச்சு கீழேயே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை.

"வணக்கம் மேடம். கடந்த 9ஆம் தேதி மெர்ச்சண்டைசர் உதவியாளர் பணிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தேன். முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன். இந்தப் பணியில் சேர எனக்கு விருப்பம் உள்ளது. உடனடியாகச் சேரவும் முடியும். இன்னும் நாளாகும் என்றால், எந்த வாரம் கேட்பது உங்களுக்கு வசதி என்று சொன்னால் போதும்."

கடைசி வாக்கியம்தான் இதன் உயிர். முடிவைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஒருவருக்கு, சொல்லக்கூடிய ஒரு சின்னப் பதிலை அது கொடுக்கிறது. "இருபதாம் தேதிக்கு மேல கேளுங்க" என்று ஒரே வரியில் அவர் முடித்துவிடலாம். மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. ஓரத்தில் ஆவி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். மனக்குறையை எழுதாதீர்கள். "பத்து நாளாகியும் பதில் இல்லை" என்பது உண்மையாக இருந்தாலும், அதைப் படிக்கிறவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். வீட்டுக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். கஷ்டம் உண்மை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மெயிலைப் படிக்கும் எச்.ஆருக்கு அதை வைத்து எதையும் செய்ய அதிகாரம் இல்லை. அவரைச் சங்கடப்படுத்த மட்டுமே அது உதவும்.

மெயில் பார்க்கும் பழக்கமே இல்லாத ஆபீஸ்களும் இங்கே உண்டு. சின்ன யூனிட், டேனரி, ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் இடம் என்றால் போன்தான். முதல் மூச்சிலேயே நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்.

"வணக்கம் சார். நான் மாதனூர்லருந்து பேசறேன். போன 9ஆம் தேதி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

"ஆங், சொல்லும்மா."

"முடிவு ஏதாவது ஆச்சான்னு கேட்கலாம்னுதான் சார்."

"இன்னும் ஆகலைம்மா. சொல்றோம்."

இங்கேதான் பலரும் "சரிங்க சார்" என்று வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்: "சரிங்க சார். நான் அடுத்த வாரம் புதன்கிழமை ஒரு தடவை கேட்கட்டுமா?" பெரும்பாலும் "கேளும்மா" என்றுதான் வரும். அந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால், அடுத்த போன் தொந்தரவு ஆகாது. அவரே சொன்ன நாளில் வரும் போன் அது. அந்தப் புதன்கிழமை மறக்காமல் கூப்பிடுங்கள். செவ்வாயும் வேண்டாம், வியாழனும் வேண்டாம். சொன்ன நாளில் சொன்னபடி கூப்பிடுகிற பிள்ளை, ஷிப்மென்ட் தேதியையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ளும் என்று கேட்கிறவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்.

வாட்ஸ்அப்பில் எச்.ஆரே முதலில் செய்தி அனுப்பியிருந்தால் அங்கேயே கேட்கலாம். அப்படி இல்லாதபோது, எங்கிருந்தோ எண்ணைத் தேடிப் பிடித்து அனுப்புவது அவருடைய வீட்டுக்குள் போய்க் கேட்பதுபோல ஆகிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையென்றால் கேள்விக்குறி மட்டும் அனுப்புவது, மிஸ்டு கால் கொடுப்பது, காலை வணக்கப் படம் அனுப்புவது எல்லாம் மூடியைத் திறந்து திறந்து மூடும் வேலை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் ஆவி போகும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிள்ளைக்குப் பதிலாக அப்பா போன் செய்வார். அல்லது மாமா, தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் முதலாளியின் காதில் போடுவார். அன்பினால் செய்வதுதான். முதல் வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி அப்பாவுக்கு இருக்கும் கவலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டு வாங்குநரோடு தானே பேசி, தானே தேதி வாங்க வேண்டிய வேலைக்கு ஆள் எடுக்கிறவர், அந்தப் போனை வைத்து என்ன முடிவுக்கு வருவார்? கம்பெனிக்குள் உங்களுக்குத் தெரிந்த அண்ணனோ அக்காவோ இருந்தால், "அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சா, இன்னும் பார்க்கிறாங்களா" என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். அது செய்தி. "எப்படியாவது சொல்லி வாங்கிக் குடுங்க" என்று கேட்டால், அவருடைய பெயரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறீர்கள். எச்.ஆரைத் தாண்டி நேராக இயக்குநருக்கு எழுதுவதும் அப்படித்தான்; மேலே போன மெயில் மறுபடி அதே எச்.ஆர். மேஜைக்குத்தான் இறங்கி வரும், கூடவே ஒரு மனத்தாங்கலோடு.

முதல் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால்? இன்னொரு ஏழெட்டு வேலைநாள் கழித்து இரண்டாவது, அதைவிடச் சின்னதாக. அதற்கும் இல்லையென்றால், இரண்டு வாரம் விட்டுக் கடைசியாக ஒன்று. இந்தக் கடைசி மெயிலைத்தான் யாரும் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்தால் அது மிகவும் பயனுள்ளது.

"வணக்கம் மேடம். மெர்ச்சண்டைசர் உதவியாளர் பணி நிரம்பியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வாய்ப்புக் கொடுத்து என்னோடு பேசியதற்கு நன்றி. பிறகு இதுபோன்ற இடம் வந்தால் என் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் எண் கீழே உள்ளது."

இதற்குச் சில சமயம் உடனே பதில் வரும்: "இல்லை, இன்னும் நிரம்பவில்லை, பொறுங்கள்" என்று. வராவிட்டாலும் நஷ்டமில்லை. கோப்பில் உங்கள் பெயரில் கடைசியாக இருப்பது ஒரு நன்றி. அதோடு நிறுத்திவிடுங்கள். எவ்வளவு நல்ல பிரியாணியையும் தம்மிலேயே விட்டுவிட்டால் அடி பிடித்துவிடும். மூன்று முறைக்கு மேல் கேட்பதும் அப்படித்தான்.

இத்தனை நாளும் அந்த ஒரு தேக்சாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கல்யாண வீட்டில் ஒரு தேக்சா தம்மில் இருக்கும்போதே அடுத்த தேக்சாவுக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். 2019 நவம்பர் 28இல் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபின், மாதனூர் பிள்ளைகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் திருப்பத்தூரில் இருக்கிறது. அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்று விசாரித்து வையுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிவு செய்து வையுங்கள். ஒரு இடத்தில் பதில் வராமல் இருக்கும்போது இன்னும் இரண்டு இடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் எழுதும் நினைவூட்டலிலேயே பதற்றம் குறைந்திருக்கும். படிக்கிறவருக்கு அது தெரியும்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு ஆபத்தும் உண்டு. பதிலுக்கு ஏங்கும் நேரத்தில்தான் மோசடிப் போன் வரும். "உங்க ஆஃபர் லெட்டர் ரெடி, யூனிஃபார்முக்கும் ட்ரெயினிங்குக்கும் மூவாயிரம் அனுப்புங்க" என்பார்கள். எந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும் சரி, வேலை கொடுப்பதற்கு முன் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். இன்டர்வியூவில் வாங்கிய எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது இணையவழி மோசடிக்கான தேசிய உதவி எண்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இதுவரை சொன்னது எல்லாம் வேலை தேடுகிறவர் செய்ய வேண்டியது. கம்பெனிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோ இருக்கும் அதே மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நம்மிடம் தனியார் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. "இந்த முறை வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், நன்றி" என்று ஒரு வரி அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. அது இல்லாததால் ஒரு வீட்டில் ஒரு மாதம் முழுக்கப் போன் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக் கம்பெனிகளின் எச்.ஆர். மேஜைகளில் இருக்கும் அண்ணன், அக்காமார்களில் பலர் இதே வட்டாரத்தில் இதே மாதிரி காத்திருந்து வந்தவர்கள். அவர்களால் இதை நாளைக்கே தொடங்க முடியும்.

கடைசிக் கட்டம், தம் உடைப்பது. மூடி திறக்கும்போது மூன்றில் ஒன்று இருக்கும். "இல்லை" என்று வந்தால், நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "அடுத்த இன்டர்வியூவுக்கு நான் எதைச் சரிசெய்யணும் சார்?" பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். "ஹோல்டில் இருக்கிறது" என்று வந்தால், அது பெரும்பாலும் ஆர்டரைப் பற்றியது. மாதத்துக்கு ஒரு தரம் கேட்கலாமா என்று அனுமதி வாங்கி வையுங்கள்.

"வாங்க, சேர்ந்துக்கலாம்" என்று வந்தால், சந்தோஷத்தில் உடனே போனை வைத்துவிடாதீர்கள். சொன்னதை எழுத்தில் கேளுங்கள். மொத்தச் சம்பளம் எவ்வளவு, பி.எஃபுக்கான 12 சதவீதமும் இ.எஸ்.ஐக்கான 0.75 சதவீதமும் போகக் கையில் எவ்வளவு வரும், சேரும் தேதி எது, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்று நான்கையும் கேளுங்கள். இன்டர்வியூவில் கேட்கத் தவறிய ஒன்றையும் இப்போதே கேட்டுவிடலாம்: ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் கம்பெனி பஸ் மாதனூரில் நிற்குமா, காலையில் எத்தனை மணிக்கு?